பாக்கியம் சொன்னதும் நான் சொன்னதும்

1

நான் குடியிருப்பது டொராண்டோவின் கிழக்கு ஓரத்தில். எங்கள் வட்டார நூலகத்தில் புதன்கிழமைதோறும் வயதானவர்களுக்காக ஒரு கூட்டம் நடக்கிறது. பன்னிரண்டு பேர் வருவோம். காப்பியும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். வீட்டில் இருந்தால் மருமகளுக்குத் தொந்தரவு என்று நினைப்பவர்கள் அங்கே இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிட்டு வரலாம். நடத்துகிறவர் ஹெலன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. வாரம் ஒரு சொல் விளையாட்டு வைப்பார்.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை அவர் பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்தார். முதல் கட்டத்தில் வேலையற்ற பேச்சுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொற்கள். இரண்டாவதில் ஒருவரை நயமாகப் பேசி வழிக்குக் கொண்டுவருவதற்கான சொற்கள். மூன்றாவதில் முடிவில்லாமல் நீளும் பேச்சுக்கான சொற்கள். யாருக்கு எத்தனை தெரியும் என்றார்.

மற்றவர்கள் ஒன்றிரண்டு சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். நான் நிறுத்தவில்லை. சாட்டர், பிராட்டில், ஜாபர், டிட்டில்-டாட்டில் என்று முதல் கட்டத்தை நிரப்பினேன். கோக்ஸ், கஜோல், வீடில், பிளார்னி என்று இரண்டாவதை. மூன்றாவதற்கு ரிக்மரோல், ஹராங், பலாவர். ஹெலன் எழுதி எழுதிக் கை வலிக்கிறது என்றார். கூட்டம் கை தட்டியது. இதையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். தேயிலைத் தோட்டத்தில் என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு உட்கார முடியவில்லை. காப்பி வருவதற்கு முன்பே எழுந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். அந்தச் சொற்களை நான் படித்தது அகராதியில். பயன்படுத்தியது ஆட்கள்மேல். அதை அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் பூண்டுலோயாவிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. அது வராமல் இருந்திருந்தால் இங்கேயும் சொல்லியிருக்க மாட்டேன்.

2

அழைத்தவள் சரோஜா. என் பள்ளித் தோழன் செல்லமுத்துவின் மகள். செல்லமுத்துவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"டாக்டரு நாள் சொல்லல மாமா. ஆனா கால்ல வீக்கம் ஏறிக்கிட்டே வருது" என்றாள்.

செல்லமுத்துவுக்கு ஒரே அக்கா. பெயர் பாக்கியம். ஐம்பது வருடங்களுக்கு முன்னால் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளோடு இந்தியாவுக்குப் போனவர். அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் ஒரு வார்த்தை பேசியதில்லை. சரோஜாவின் மகன் முகநூலில் தேடித் துழாவி, கூடலூர்ப் பக்கம் ஒரு பையனைப் பிடித்திருக்கிறான். அவன் பாக்கியத்தின் பேரன். எண்ணை வாங்கி சரோஜா பேசியிருக்கிறாள். அத்தை சொன்ன பதில் இது: "அவன் என்ன வேணாம்னு சொன்னவன். இப்ப எதுக்கு?" அதோடு வைத்துவிட்டார். அப்பாவிடம் கேட்டால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "போனவ அவதான். நானா அனுப்புனேன்?" என்கிறாராம். ஆனால் தூக்கத்தில் இரண்டு தடவை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறார்.

"நீங்க பேசினா யாரும் மறுக்க மாட்டாங்கன்னு அப்பா எப்பவும் சொல்லுவாரு. அத்தைய எப்படியாவது தாஜா பண்ணி ஒரு வார்த்த பேச வைங்க மாமா. அவரு போறதுக்குள்ள."

பேசுகிறேன் என்று சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

மற்றது இதுதான். தம்பி தன்னை வேண்டாம் என்றான் என்று அக்கா நம்புவது பொய். அக்கா தானாக விரும்பிப் போனாள் என்று தம்பி நம்புவதும் பொய். இரண்டு பொய்யையும் ஒரே நாளில், ஒரு மணி நேர இடைவெளியில், நான்தான் சொன்னேன்.

3

கொத்மலைப் பக்கத்தில், பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பா கங்காணி. அதனால் ஹட்டனில் தங்கிப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லமுத்து தேயிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனான். நான் திரும்பி வந்து தோட்டத்து ஆபீசில் சேர்ந்தேன். என்னைச் சின்னக் கிளாக்கர் கணேசன் என்பார்கள். பாக்கியம் என்னை அதுவரை தம்பி என்று கூப்பிட்டவர். நான் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து ஐயா என்றார். நான் தடுக்கவில்லை.

வெள்ளைக்காரத் துரைமார் போய், நம் நாட்டுக்காரர் ஒருவர் துரையாக வந்திருந்த காலம். அவர் வெள்ளைக்காரரைவிட அதிகமாக ஆங்கிலம் பேசினார். வேலை ஏவுவதற்கும் ஏசுவதற்கும் போதுமான தமிழ் தெரியும், அவ்வளவுதான். ஆட்கள் பேசினால் நான் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தன் பழைய அகராதி ஒன்றை எனக்குத் தந்தார். நாளுக்கு ஐந்து சொல் படித்தேன். கடிதத்தில் புதுச் சொல் ஒன்றைப் போட்டால் அவர் புருவத்தைத் தூக்கி, நல்ல சொல் என்பார். அந்தப் புருவத்துக்காகவே படித்தேன்.

ஆட்கள் பேசும் இடம் பெரட்டுக் களம். காலையில் எல்லோரும் கூடி வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம். அங்கே பேசுவதற்கு ஒரு முறை இருந்தது. துரையிடம் எதையும் நேரடியாகக் கேட்க மாட்டார்கள். அது மரியாதைக் குறைவு. முதலில் மழையைப் பற்றிச் சொல்வார்கள். பிறகு எந்தத் துரை காலத்தில் தன் அப்பன் எந்த மலையில் கன்று நட்டான் என்று வரும். பிறகு வீட்டில் செத்தவர், பிறந்தவர், காய்ச்சலில் கிடப்பவர். எல்லாம் முடிந்து, கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பும் நேரத்தில், மறந்துபோனது நினைவு வந்ததுபோல, வந்த விஷயத்தை வைப்பார்கள். விஷயம் எப்போதும் கடைசியில்தான் வரும். என் அப்பாவுக்கு அது தெரியும். வெற்றிலையை மென்றுகொண்டு கடைசிவரை நிற்பார்.

எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் எங்கேயும் சொல்ல முடியாது. முதல் வருடம் நானும் நின்றேன். பிறகு துரை கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்தேன். என்ன சொல்கிறாள் என்று அவர் கேட்டால், "சாட்டர், சார்" என்றேன். வேலை சுலபமாயிற்று. ஒரு பெண் கால் மணி நேரம் பேசியதை ஒரு சொல்லில் முடிப்பவன் கெட்டிக்காரன் என்று பெயர் வந்தது.

இந்த வயதில் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். பேசுகிறவர் யாரும் தன் பேச்சுக்கு இந்தப் பெயர்களை வைத்துக்கொள்வதில்லை. கேட்க நேரமில்லாதவன்தான் வைக்கிறான். பலாவர் என்ற சொல்லை ஆப்பிரிக்கக் கரையில் வியாபாரம் செய்யப் போன கப்பல்காரர்கள் பரப்பினார்கள் என்று படித்தேன். போர்த்துக்கேய மொழியில் அதற்கு வெறும் சொல் என்றுதான் பொருளாம். கரையில் இருந்தவர்கள் தங்கள் நியாயத்தைச் சொல்லி முடிக்க நேரம் எடுத்திருக்கிறார்கள். கப்பல்காரனுக்கு அது அலுப்பாக இருந்திருக்கிறது.

4

இரண்டு நாட்டு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி தோட்டத்து ஆட்களில் ஒரு பகுதியினர் இந்தியாவுக்குப் போக வேண்டியிருந்தது. சிலர் தாமே எழுதிக் கொடுத்தார்கள். சிலருக்காக வீட்டுப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். பாக்கியத்தின் மாமனார் குடும்பம் முழுவதையும் இந்தியாவுக்கு எழுதிப் போட்டுவிட்டுச் செத்துப்போனார். அடுத்த வருடம் பாக்கியத்தின் புருஷனும் காய்ச்சலில் போய்விட்டார். செல்லமுத்து தோட்டத்திலேயே இருப்பதற்கு எழுதியிருந்தான்.

ஒரு நாள் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். பட்டியலில் உள்ளவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சம்மதமா என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஆபீஸ் வராந்தாவில் மேசை போட்டோம். துரை ஒரு பக்கம், அதிகாரி ஒரு பக்கம், நடுவில் நான்.

பாக்கியம் மலையிலிருந்து கம்பளியோடு வந்தார். தலைத்துண்டை எடுத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். மழையில் ஆரம்பித்தார். ஆறாம் நம்பர் மலையில் தன் அம்மா கன்று நட்டதைச் சொன்னார். புருஷனுடைய காய்ச்சலைச் சொன்னார். மாமனார் எழுதிப் போட்டபோது தன்னைக் கேட்கவில்லை என்றார். இந்தியாவில் தனக்கு ஒரு முகமும் தெரியாது என்றார். பிறகு தம்பியைப் பற்றிப் பேசினார். கடைசியில், கும்பிட்டுவிட்டு ஓர் அடி பின்னால் வைத்தபின், தன் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் தம்பி பெயரோடு சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டார்.

அரை மணி நேரம். கொத்மலைப் பக்கம் வானம் இருண்டுகொண்டு வந்தது. அதிகாரி அடுத்த தோட்டத்துக்குப் போக வேண்டும். பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே, இவ்வளவு நேரமாக என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார்.

"பலாவர், சார்" என்றேன். "சம்மதம்தான். கொஞ்சம் கோக்ஸ் பண்ண வேண்டியிருக்கும்." நயமாகப் பேசினால் வழிக்கு வந்துவிடுவாள் என்று பொருள்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். தோட்டத்தில் இப்படி ஒரு சொல்லைக் கேட்பேன் என்று நினைக்கவில்லை என்றார். துரையின் புருவம் உயர்ந்தது.

அவர் பேசியதை உள்ளபடி சொல்லியிருந்தால் மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று காலையில் இரண்டு பேரின் தாளில் அந்த அதிகாரி மறுவிசாரணை என்று எழுதித் தனியாக வைத்தார். மூன்றாவதாக ஒன்றை வைத்திருப்பார். துரைக்குப் பட்டியல் சீக்கிரம் முடிந்து, ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துக் காம்பராக்கள் காலியாக வேண்டும். எனக்குப் பெரிய கிளாக்கர் வேலை வேண்டும். இவை காரணங்கள்தான். ஆனாலும் அந்த நிமிடத்தில் என் வாயைத் திறந்தது அந்தச் சிரிப்பு. அது வரும் என்று தெரிந்தே சொன்னேன்.

பாக்கியத்துக்கு ஆங்கிலம் தெரியாது. பெரியவர்கள் சிரித்ததைப் பார்த்துக் காரியம் முடிந்தது என்று நினைத்தார். படியிறங்கும்போது என்னிடம், "நல்லா எடுத்துச் சொன்னீங்க ஐயா" என்றார்.

5

சாயங்காலம் ஐந்து மணிக்கு, ரேகை வாங்கி அனுப்பு என்று அதிகாரி விட்டுப்போன பாக்கியத்தின் தாளையும் மைப்பெட்டியையும் சட்டைப் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேற்கணக்கு லயத்துக்குப் போனேன். தோட்டத்தை மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று பிரித்திருந்தார்கள். பாக்கியம் மேலே. செல்லமுத்து தொழிற்சாலைக்குப் பக்கத்தில், கீழே. நடுவில் ஒரு மணி நேர நடை.

பாக்கியம் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, தம்பி பெயரோடு எழுதியாயிற்றா என்று கேட்டார், நான் பிடிகொடுக்கவில்லை. இந்தியாவில் அரசாங்கம் வீடு தரும், பிள்ளைகள் தமிழில் படிக்கலாம், இங்கே எப்போது என்ன நடக்கும் என்று யார் கண்டது என்று நான் பேசினேன். நன்றாகப் பேசினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "தம்பி இருக்கான்ல" என்றார். மறுபடி பேசினேன். மறுபடியும் அதையே சொன்னார். இருட்டுவதற்குள் கீழே போக வேண்டும் என்று எனக்கு அவசரம்.

"தம்பியும் அதத்தான்க்கா சொல்றான்" என்றேன். "உங்களையும் ரெண்டு பிள்ளைங்களையும் வச்சுக் காப்பாத்த முடியாதாம். உங்ககிட்ட சொல்ல வாய் வரலையாம்."

"அவனா சொன்னான்?"

"அவன்தான்."

சின்னவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பாமல் வலது கையை மட்டும் நீட்டினார். நான் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றித் தாளில் வைத்தேன்.

அப்படியே கீழே இறங்கித் தொழிற்சாலை வாசலில் செல்லமுத்துவைக் கூப்பிட்டேன். அக்காவுக்கு இந்தியாவில் மாமனார் ஊருக்குப் போகத்தான் ஆசை, உன்னிடம் சொன்னால் அழுது தடுப்பாய் என்று பயப்படுகிறாள், நீயாகக் கேட்டுச் சங்கடப்படுத்தாதே என்றேன். அவன் கையிலிருந்த தேயிலைத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு, "அப்படியாடா சொன்னுச்சு?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அதற்குப்பின் அவர்கள் ஒரே ஒரு தடவை கோயில் திருவிழாவில் எதிரெதிரே நின்று பேசினார்கள். நானும் பக்கத்தில் நின்றேன். மழையைப் பேசினார்கள். பெரியவளுக்குச் சளி என்று பேசினார்கள். மாமனார் வைத்துவிட்டுப் போன ஆட்டை யாருக்குக் கொடுப்பது என்று பேசினார்கள். இன்னும் கொஞ்சம் விட்டால் விஷயத்துக்கு வந்திருப்பார்கள். துரை கூப்பிடுகிறார் என்று சொல்லிச் செல்லமுத்துவைத் தள்ளிக்கொண்டு போனேன். துரை அன்று தோட்டத்திலேயே இல்லை.

6

பாக்கியமும் பிள்ளைகளும் தலவாக்கலை ஸ்டேஷனில் கோச்சி ஏறினார்கள். தோட்டத்திலிருந்து நாற்பது பேர் வழியனுப்பப் போனார்கள். செல்லமுத்து போகவில்லை. அக்காவை அனுப்பிவிட்டு முகம் காட்டக் கூசுகிறான் என்று மேற்கணக்கில் பேசினார்கள். அந்தப் பேச்சு வருடக்கணக்கில் நின்றது. அவன் கல்யாணத்தின்போதும் வந்தது.

ஒரு வருடம் கழித்து இந்தியாவிலிருந்து அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. ஆட்களுக்கு வரும் தபாலெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், நான்தான் ஆளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பேன். அவன் உறையைப் பார்த்துவிட்டு, திருப்பி அனுப்பு என்றான். நான் அதன்மேல் சிவப்பு மையில், பெறுநர் ஏற்க மறுத்தார் என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதினேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அப்போது நான் பெரிய கிளாக்கர்.

பிறகு கலவரம் வந்தது, பாதி லயம் எரிந்தது, நான் கண்டிக்குப் போனேன், மகன் கனடாவுக்குப் போனான், எங்களையும் கூப்பிட்டான். அந்த விசா நேர்காணலில் என் மனைவிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வைத்தார்கள். இளம் பெண். மகனோடு ஏன் சேர்ந்து வாழ விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். என் மனைவி தன் அம்மாவின் முழங்கால் வலியிலிருந்து தொடங்கினாள். அந்தப் பெண் குறுக்கே பேசவில்லை. முழங்காலையும் சொன்னாள். அம்மாவுக்குத் தடவிய எண்ணெயின் பெயரையும் சொன்னாள். அதிகாரி காத்திருந்து எழுதிக்கொண்டார். கடைசியில், தனக்கும் அந்த வலி வந்துவிட்டது, தாங்கிப் பிடிக்க மகன் வேண்டும் என்று மனைவி முடித்தபோது அவர் தலையாட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் கலங்கிவிட்டேன் என்று மனைவி நினைத்தாள். அவள் இப்போது இல்லை. அவளிடமும் சொல்லவில்லை.

இங்கே எங்கள் பக்கம் யாழ்ப்பாணத்துக்காரர்கள் அதிகம். கடையில் நானும் அவர்களைப்போலக் கதைக்கப் பழகிக்கொண்டேன். எந்த ஊர் என்று கேட்டால் கண்டிப் பக்கம் என்பேன். ஒரு நாள் அவசரத்தில், "நாங்க பஸ்லதான் போறோம்" என்று தோட்டத்துப் பேச்சு வாய் தவறி வந்துவிட்டது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, ஐயா மலையகமோ, இத்தனை நாளா சொல்லேல்லையே என்றார். அவர் அன்பாகத்தான் கேட்டார். மறைத்துவைப்பது எனக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

7

சரோஜா பேசிய அன்று காரில் போகும்போது மகன் அரவிந்தனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்து வயதில் தோட்டத்தை விட்டவன். காரை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டான். பிறகு பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் சொன்னான்: "அப்பா, லீவ் இட். அவங்க ரெண்டு பேரும் பேசணும், அவ்வளவுதானே? நல்லபடியா ஏதாவது சொல்லிச் சேத்து வைங்க. இப்பப்போய் உண்மையச் சொன்னா அந்த மாமாவோட நெஞ்சு தாங்குமா?"

கெட்ட யோசனை இல்லை. இரண்டு நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியங்கள்கூட வந்துவிட்டன. அந்தக் காலத்தில் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டீர்கள், ரத்த பாசம் விட்டுப்போகுமா, தம்பி உங்களைத்தான் கேட்கிறான். அவர் ஒருவேளை இளகியிருப்பார். ஆனால் அப்படிப் பேசினால், தம்பி தன்னைக் கைவிட்டான் என்ற நம்பிக்கையோடுதான் அந்த அம்மா அவனை மன்னிக்க வேண்டும். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு அவன் சாக வேண்டும். நான் மட்டும் நல்லவனாக நடுவில் நிற்பேன்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குக் கூடலூருக்கு அழைத்தேன். அங்கே சாயங்காலம். பேரன் எடுத்துக் கொடுத்தான். நான் பெயரைச் சொன்னதும், "கங்காணி மகன் கணேசனா? நல்லா இருக்கியா தம்பி?" என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, மற்றபடி அதே குரல்.

என் விஷயத்தைச் சொல்ல நான் வாய் திறப்பதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார். நான் குறுக்கிடவில்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். கூடலூரில் இரண்டு வாரமாக மழை. யானை வந்து வாழையை முறித்துவிட்டது. அங்கேயும் கொழுந்துதான் எடுத்தார். இத்தனை வருடம் ஆகியும் சிலோன்காரங்க என்றுதான் சொல்கிறார்கள். பெரியவளுக்கு மூன்று பிள்ளைகள், ஒருவன் திருப்பூரில். ரேஷன் அட்டைக்கு அலைந்தது, வீட்டுக்கு அலைந்தது, ஒவ்வொரு ஆபீசிலும் பிறந்த இடம் பூண்டுலோயா என்று சொல்லி அது எங்கே இருக்கிறது என்று விளக்கியது. முப்பது நிமிடம் தாண்டிவிட்டது.

"சின்னவ, வந்து எறங்குன மண்டபம் கேம்ப்புலயே போய்ட்டா" என்றார். "வயித்தால போய் மூணு நாள். அவன்கிட்ட சொல்லத்தான் ஒரு கடுதாசி போட்டேன். திரும்பி வந்துருச்சு."

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று ஐம்பது வருடங்களாக எனக்குத் தெரியாது. மடியில் தூங்கிய அந்தப் பிள்ளையின் பெயர் செல்வி.

அவர் நிறுத்தியபின் நான் சொன்னேன். வராந்தாவில் நடந்தது, அதிகாரி சிரித்தது, லயத்தில் சொன்னது, தொழிற்சாலை வாசலில் சொன்னது, கோயிலில் பிரித்தது, உறையில் சிவப்பு மையில் எழுதியது. தம்பி அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை என்றேன். அவர் பக்கத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னிக்கு நான் பேசுனது எதுவுமே அந்த ஆபீசருக்குப் போகலையா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. நான் சொல்லல."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன்.

"அதக் கேக்காதீங்க ஐயா" என்றார். தம்பி போய்விட்டது, ஐயா வந்துவிட்டது. "கேட்டா நான் பதில் சொல்லணும். நீங்க மொதல்ல அவன்கிட்ட சொல்லுங்க. எனக்குச் சொன்ன மாதிரியே, ஒண்ணும் விழுங்காம. அதுக்கப்புறம் நான் பேசுறேன். பெறகு எழுதியும் போடுங்க. அங்க உள்ளவங்க படிக்கிற மாதிரி. அக்காவ அனுப்பிட்டான்னு அவன எத்தன பேரு பேசியிருப்பாங்க."

8

அன்றைக்கே பேசியிருக்க வேண்டும். ஆனால் செல்லமுத்துவுக்கு மூச்சு முட்டுகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றாள் சரோஜா. அந்த ஓர் இரவை நான் எப்படிக் கழித்தேன் என்பது இங்கே முக்கியமில்லை. விடிந்ததும் அழைத்தேன்.

சரோஜா ஃபோனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். தலையணையில் சாய்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "என்னடா கனடாக்காரா, இன்னும் தல நரைக்கலையா? மை பூசுறியா?" என்றான். எங்கள் தோட்டத்தில் என்னை டா போட்டுக் கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான், நான் பெரிய கிளாக்கர் ஆன பிறகும்.

சரோஜாவையும் இருக்கச் சொல்லிவிட்டுச் சொன்னேன். பேச்சில் நயம் வந்துவிடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், அதைப் பார்த்தே சொன்னேன். செல்வியையும் அந்தக் கடிதத்தையும் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். மார்பு ஏறி இறங்குவது தெரிந்தது. சரோஜா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தான். "அன்னிக்கு அக்கா என்னப் பத்தி என்ன சொன்னுச்சு? ஆபீசுல."

நான் மொழிபெயர்க்காமல் விட்டதை அவனுக்குச் சொன்னேன். தன் புருஷன் காய்ச்சலில் கிடந்தபோது தம்பி அவரை முதுகில் சுமந்துகொண்டு பூண்டுலோயாவரை மழையில் நடந்தான் என்று சொன்னார். அவர் செத்த பிறகு இரண்டு பிள்ளைகளுக்கும் ரொட்டி கொண்டுவர ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கீழ்க்கணக்கிலிருந்து ஏறி வருகிறான் என்று சொன்னார். அக்கா பிள்ளைகள் ஆளாகும்வரை கல்யாணம் வேண்டாம் என்கிறான், அது தப்பு, அவனுக்கு நான்தான் பெண் பார்க்க வேண்டும், அதற்கு நான் இங்கே இருக்க வேண்டும் என்று சொன்னார். என் தம்பி பக்கத்தில் இருந்தால் இந்த மலை சரிந்தாலும் எனக்குப் பயமில்லை என்று சொன்னார். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒரு சொல்லும் மறக்கவில்லை.

செல்லமுத்து கேட்டு முடித்தான். என்னைப் பார்க்கவில்லை.

"சரோஜா, இவன் ஃபோன வையி. அக்காவுக்குப் போடு."

திரை இருண்டது.

அன்று அவர்கள் இரண்டு மணி நேரம் பேசினார்களாம். அப்பாவுக்கு மூச்சு வாங்கியதால் அத்தைதான் அதிகம் பேசினார் என்று சரோஜா செய்தி அனுப்பினாள். அதற்குப்பின் தினமும் பேசுகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. செல்லமுத்துவை இரண்டு தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. சரோஜா இப்போது என்னை மாமா என்று எழுதுவதில்லை. அவன் உடம்பு தேறவில்லை. வீக்கம் இடுப்புவரை வந்துவிட்டது.

பாக்கியம் எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். மேற்கணக்கு, கீழ்க்கணக்கு ஆட்களோ அவர்களுடைய பிள்ளைகளோ, கொத்மலையிலோ ஹட்டனிலோ கொழும்பிலோ இருந்து இதைப் படித்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பாக்கியம் இந்தியாவுக்குப் போகச் சம்மதிக்கவில்லை. செல்லமுத்து அவரை அனுப்பச் சொல்லவில்லை. இரண்டையும் சொன்னவன் சின்னக் கிளாக்கர் கணேசன். செல்லமுத்துவைப் பற்றி எப்போதாவது ஒரு வார்த்தை தப்பாகப் பேசியிருந்தால், அவன் வீட்டுக்குப் போய் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வாரமே போங்கள். அவன் காதில் விழ வேண்டும்.